மாறியதை மட்டும்

செப்டம்பர் 29, திங்கள்

பழைய நோட்டின் மேல் ரசம் கொட்டிவிட்டது. புது நோட்டு. கையெழுத்து இரண்டு பக்கத்துக்கு நன்றாக இருக்கும், அப்புறம் எப்போதும்போல் கோழி கிளறும்.

டிசம்பர் 1 அன்று ஆய்வாளர்கள் வருகிறார்கள். ஐசியூவில் நோயாளியின் தலைமாட்டில் ஒரு மானிட்டர் இருக்குமே, இதயத் துடிப்பு, ஆக்சிஜன் எல்லாம் காட்டி, ஏதாவது தவறினால் அலறும், அதற்கான மென்பொருள்தான் நாங்கள் செய்வது. ஆய்வாளர்கள் கையெழுத்துப் போட்டால் ஆஸ்பத்திரிகளுக்குப் போகும். போடாவிட்டால் எங்கள் பிரிவையே மூடிவிடுவதாக மேலிடம் சொல்லிவிட்டது. இருபத்திரண்டு பேர். எனக்கு இங்கே ஒன்பது வருஷம்.

பாக்கி இருக்கும் திருத்தங்கள் எழுபத்தொன்று. நாங்கள் எழுதும் நிரலை மானிட்டரில் ஓடும் மென்பொருளாக மெஷின் செய்து தருவதற்கு பில்டு என்று பெயர். ஒவ்வொரு திருத்தமும் தனி பில்டாக வர வேண்டும், பில்டு முடியும்போது நான் பக்கத்தில் இருந்து கையெழுத்துப் போட வேண்டும். இது ஆய்வு விதி. பதினோராயிரத்துச் சொச்சம் கோப்புகளையும் மெஷின் முதலிலிருந்து மென்று துப்ப ஐந்தரை மணி நேரம். அதாவது ஒரு நாளைக்கு ஒரு திருத்தம். இருப்பதோ நாற்பது வேலை நாள். யார் வேண்டுமானாலும் கணக்குப் போட்டுக்கொள்ளட்டும்.

அதனால்தான் இரண்டு வருஷம் சண்டை போட்டு என் முறையைக் கொண்டுவந்தேன். ஒரு கோப்பைக் கடைசியாக எழுதிய நேரத்தையும், அதிலிருந்து செய்த பாகத்தின் நேரத்தையும் ஒப்பிடு. கோப்பு புதிதென்றால் அந்தப் பாகத்தை மட்டும் திரும்பச் செய். மற்றதைத் தொடாதே. நான்கு நிமிஷம்! ஆறு வாரமாக ஓடுகிறது, ஒரு குறை இல்லை.

மேனேஜர் திருமூர்த்தி சார் இன்றைக்கும் ஒரு முறை சொல்லிவைத்தார். “ஒரே ஒரு தப்பு வரட்டும் பூங்கோதை. அன்னைக்கே பழையபடி முழு பில்டுதான். அப்பறம் எங்கிட்ட வந்து நிக்கக் கூடாது.”

நிற்க மாட்டேன் என்றேன். வராது என்பதால்.

செப்டம்பர் 30, செவ்வாய்

நாளை ஆயுத பூஜை விடுமுறை, ஆபீஸில் இன்றே பூஜை.

காலையில் என் வீட்டுக்காரர் கதிரேசன் அவருடைய மோட்டார் பட்டறையில் எல்லா மெஷினையும் நிறுத்திவிட்டு வந்து காபி குடித்தார். பில்டு நடக்கும் எங்கள் சர்வர் நான்கு வருஷமாக நிற்காமல் ஓடுகிறது, அதற்குப் பொட்டு மட்டும் வைப்போம் என்றேன். “அதென்ன ஓய்வு? ஓய்வுன்னா பிளக்கப் புடுங்கிப் போடோணும். ஓடற மெஷினுக்குப் பொட்டு வெச்சா அது நம்மளப் பாத்துச் சிரிக்கும்” என்றார். நியாயமாகப் பட்டது.

மாலையில் நானே சர்வரை அணைத்தேன், பிளக்கைப் பிடுங்கினேன், ஈரத்துணியால் துடைத்தேன். அப்பா, அந்தத் தூசி! சந்தனம், குங்குமம், ஒரு முழம் கதம்பம். திருமூர்த்தி சார், “ஆஃப் பண்ணியே ஆகோணுமா?” என்று இழுத்தார். “ஆமாங் சார், இல்லாட்டி அது பூஜையே இல்லீங்” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். வெள்ளிக்கிழமைதான் இனி அதைத் தொடுவோம்.

சுண்டலில் உப்பு இல்லை.

அக்டோபர் 3, வெள்ளி

காலை ஒன்பதுக்குக் கற்பூரம் காட்டிவிட்டு சர்வரைப் போட்டேன். மூன்று திருத்தங்கள் தயாராக இருந்தன, மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாகச் சர்வருக்குள் இழுத்து பில்டு செய்தேன். நாற்பது நாற்பது விநாடியில் முடிந்துவிட்டது. நான்கு நிமிஷம்கூட இல்லை! ஓய்வு கொடுத்தால் மெஷினும் சுறுசுறுப்பாகிறது என்று கதிரேசனுக்கு போன் செய்து சொன்னேன்.

பிறகு பார்த்தால் சர்வரில் தேதி 2018, ஜனவரி 1 என்று காட்டுகிறது. எங்கள் சர்வர் அறைக்கு இன்டர்நெட் கிடையாது, பாதுகாப்புக்காக, அதனால் அதுவாகச் சரிசெய்துகொள்ளாது. வாட்ச்சைப் பார்த்து நானே சரியான நேரம் வைத்தேன்.

கேஸ் சிலிண்டர் வந்தது. நல்லவேளை, மாமியார் வீட்டில் இருந்தார்.

அக்டோபர் 9, வியாழன்

இன்று மட்டும் ஐந்து திருத்தம். யாரும் என்னைப் பாராட்டவில்லை, நானே பாராட்டிக்கொண்டேன்.

அக்டோபர் 16, வியாழன்

முப்பத்தொன்று முடிந்தது. பில்டு வேகமாகிவிட்டதால் சோதனைப் பிரிவு ஹசீனாதான் திணறுகிறாள். பெரிய திருத்தங்களை மானிட்டரில் ஓட்டிப் பார்ப்பாள், சின்னவற்றை நிரலைப் படித்துப் பார்த்து ஒப்புக்கொள்வோம். அவள் வரிசை மூன்று வாரத்துக்கு நீண்டுவிட்டது. “அக்கா, கொஞ்சம் மெதுவாப் போங்கக்கா” என்றாள். முடியாது என்றேன்.

தீபாவளிக்கு அதிரசம் செய்ய வேண்டும். மாவு போன வருஷம் போல் ஆகக் கூடாது.

அக்டோபர் 22, புதன்

போச்சு.

பேட்டரி இறங்கும் நேரத்தில் நோயாளியின் மார்பிலிருந்து ஒயர் கழன்றால் மானிட்டர் அலற வேண்டும். முன்பு அலறாது; அதைத்தான் சவரிமுத்து அண்ணன் திருத்தி மூன்று வாரமாகிறது. இன்று ஹசீனா ஒயரைக் கழற்றினாள். மானிட்டர் வாயே திறக்கவில்லை. மூன்று முறை செய்தாள். மூன்று முறையும் ஊமை.

சவரிமுத்து அண்ணன் அலாரம் பகுதியைப் பன்னிரண்டு வருஷமாகப் பார்க்கிறவர். தூத்துக்குடிக்காரர், ஐம்பது வயது, அதிகம் பேச மாட்டார். என்னைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். அவருடைய திருத்தம் நிரலில் அப்படியே இருக்கிறது, என் கண்ணால் பார்த்தேன். இருந்தும் வேலை செய்யவில்லை என்றால் திருத்தமே தப்பு. வேறென்ன?

அக்டோபர் 23, வியாழன்

இன்று வாயை அடக்கியிருக்கலாம். அடக்கவில்லை.

அண்ணன் தன் கம்ப்யூட்டரில் தனியாக பில்டு செய்து காட்டினார். அதில் அலாரம் அடித்தது. “எம் மெஷின்ல ஓடுது தங்கச்சி. நீயே பாரு” என்றார்.

எங்கள் ஆபீஸில் அந்த வாக்கியத்துக்கு ஒரு தண்டனை உண்டு. ‘என் மெஷினில் ஓடுகிறது’ என்று யார் சொன்னாலும் அன்று மாலை பூப்போட்ட டீ பிளாஸ்க்கைக் கழுவ வேண்டும். விளையாட்டாக யாரோ ஆரம்பித்தது. நான் விளையாட்டாகச் சொல்லவில்லை. “உங்க மெஷினையா சார் ஆஸ்பத்திரில கொண்டுபோய் வெக்கப் போறோம்? போய் பிளாஸ்க்கைக் கழுவுங்க” என்றேன். எல்லோரும் இருந்தார்கள்.

அவரை சார் என்று சொன்னது இதுதான் முதல் தடவை.

கழுவினார். அரை மணி நேரம் கழுவினார்.

அக்டோபர் 24, வெள்ளி

எங்கே தடுக்கிறது என்று பார்க்க அண்ணன் அந்தக் கோப்பில் ஒரு வரி சேர்த்தார். என் முறையில் பில்டு செய்தேன். அலாரம் அடித்தது. அந்த வரியை எடுத்துவிட்டார், திரும்ப பில்டு. அப்போதும் அடித்தது! “நான் ஒண்ணுமே மாத்தல. ஒரு வரி போட்டேன், எடுத்தேன். அவ்வளவுதான்” என்றார்.

இரண்டு நாள் முன்பு ஊமை, இன்று அதே நிரல் பேசுகிறது. நடக்கிற காரியமா? சத்தமில்லாமல் தப்பைத் திருத்திவிட்டு ஒன்றும் தெரியாதவர்போல் நிற்கிறார் என்று எனக்குத் தோன்றியது. திருமூர்த்தி சாருக்கும் அதேதான். காரணப் படிவத்தில் ‘சவரிமுத்துவின் கவனக்குறைவு’ என்று எழுதச் சொல்லிவிட்டார். படிவம் ஆய்வாளர்கள் கைக்குப் போகும். அலாரம் பகுதியிலிருந்தும் அவரை எடுத்துவிடப் போகிறார்.

அண்ணன் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். “காரணம் தெரியாம கையெழுத்துப் போட மாட்டேன்” என்று மட்டும் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் மிச்சமிருந்த அதிரசத்தை எடுத்துத் தின்றேன். மாவு போன வருஷம் போலவேதான்.

அக்டோபர் 25, சனி

எழுத ஒன்றுமில்லை.

அக்டோபர் 26, ஞாயிறு

அடுப்படித் தரையில் நான்கு டைல்ஸ் உடைந்துகிடக்கிறது. கதிரேசனுக்கு மொத்தத் தரையையும் பெயர்த்துப் புதிதாகப் போட வேண்டும். உடைந்ததை மட்டும் மாற்றினால் போதும் என்று நான். கொத்தனார் ரங்கன் வந்தார். இரண்டு பேர் சொல்வதையும் கேட்காமல் ஸ்க்ரூடிரைவரின் பிடியால் ஒவ்வொரு டைல்ஸாகத் தட்டிக்கொண்டே போனார். சில இடத்தில் டொக் டொக் என்று உள்ளே காலியாகச் சத்தம் வந்தது. அங்கெல்லாம் சாக்பீஸில் பெருக்கல் குறி போட்டார்.

குறி விழுந்தவற்றில் இரண்டு போன வருஷம்தான் ஒட்டியது. “இது புதுசாச்சே?” என்றேன்.

“எப்ப ஒட்டுனதுன்னு பாத்தா ஆகாதுங்கம்மா. தட்டிப் பாக்கோணும்” என்றார்.

மொத்தம் ஒன்பது. இருவர் பேச்சும் எடுபடவில்லை. மதியம் கோழிக் குழம்பு.

அக்டோபர் 27, திங்கள்

காலையில் பஸ்ஸில் வரும்போது தானாகவே ஒரு யோசனை வந்தது. கோப்பின் நேரத்தை நாம் ஏன் நம்ப வேண்டும்?

அந்த யோசனைக்குப் பின்னாலேயே இன்னொன்றும் வந்தது. அது வந்ததும் ஒரு நிறுத்தம் தள்ளி இறங்கி நடந்தேன்.

சர்வரின் எல்லாக் கோப்புகளையும் சனிக்கிழமைதோறும் நகல் எடுத்து வைப்போம். அக்டோபர் 4 நகலைத் திறந்தேன். சவரிமுத்து அண்ணனின் அலாரம் கோப்பு, அதன் பக்கத்தில் தேதி: 2018, ஜனவரி 1. நேரம் நள்ளிரவு தாண்டி நாற்பத்தோராவது நிமிஷம். அதிலிருந்து செய்த பாகத்தின் தேதி: செப்டம்பர் 29, இந்த வருஷம். கோப்பைவிடப் பாகம் புதிது என்று என் முறை நினைத்துக்கொண்டது. தொடாமல் விட்டது. அதனால்தான் நாற்பது விநாடி. நான் போன் போட்டுப் பெருமையடித்த நாற்பது விநாடி.

சர்வருக்குள் கடிகாரத்தை ஓடவைக்க வட்டமாக ஒரு சின்ன பேட்டரி இருக்கும், வாட்ச் கடையில் விற்பது. அது செத்து எத்தனை மாதமோ. மின்சாரம் இருந்தவரை தெரியவில்லை. பிளக்கைப் பிடுங்கியதும் கடிகாரம் பிறந்த தேதிக்குப் போய்விட்டது. பிடுங்கியது நான். காலையில் பார்த்துக் கடிகாரத்தை மட்டும் சரிசெய்துவிட்டுப் போனதும் நான்.

இதோடு முடியவில்லை. அன்று இழுத்த மற்ற இரண்டு கோப்புகளும் அதே 2018-இல்தான் இருக்கின்றன. ஆக்சிஜன் எந்த அளவுக்குக் கீழே போனால் எச்சரிக்க வேண்டும் என்ற எண் ஒன்றில் இருக்கிறது. சின்னத் திருத்தம், படித்துப் பார்த்து ஒப்புக்கொண்டது, இனி யாரும் சோதிக்கப் போவதில்லை. அந்தத் திருத்தம் இன்றுவரை மானிட்டருக்குள் போகவே இல்லை. நிரலில் இருக்கிறது, மானிட்டரில் இல்லை. இப்படியே ஒரு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கும்.

இரண்டு கோப்புகளையும் திறந்து சும்மா சேமித்தால் போதும். நேரம் புதிதாகிவிடும், அடுத்த பில்டில் தானாகச் சேர்ந்துவிடும். வெள்ளிக்கிழமை அண்ணன் ஒரு வரி போட்டு எடுத்தபோது நடந்ததும் அதுதான். ஈ காக்கைக்கும் தெரியாது. என் முறை பிழைக்கும், டிசம்பர் 1 பிழைக்கும், இருபத்திரண்டு பேரும் பிழைப்பார்கள். சவரிமுத்து அண்ணன் பெயர் மட்டும் அந்தப் படிவத்தில் இருக்கும்.

கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு மதியச் சாப்பாட்டு மணி வரை உட்கார்ந்திருந்தேன். பிறகு மூடிவிட்டு திருமூர்த்தி சார் அறைக்குப் போனேன்.

அக்டோபர் 28, செவ்வாய்

நேற்று அதற்கு மேல் எழுத முடியவில்லை.

சார் கத்துவார் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் தேவலை. “நீங்கதானே வராதுன்னு சொன்னீங்க” என்றார். அவ்வளவுதான். இன்றிலிருந்து முழு பில்டு. காரணப் படிவத்தைக் கிழித்துவிட்டுப் புதிதாக நானே எழுதினேன்: பூங்கோதை, பில்டுப் பொறுப்பாளர், என் கவனக்குறைவு. கையெழுத்து இந்த நோட்டில் இருப்பதைவிட நன்றாகவே வந்தது.

பிறகு எல்லோர் முன்னாலும் நின்று சொன்னேன். அன்று எல்லோர் முன்னாலும்தானே பேசினேன். “அண்ணா, உங்க மெஷின்ல ஓடுனது நெசம். என்ற மெஷின்லதான் ஓடல. மன்னிச்சுக்கோங்க” என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “சரி மேடம்” என்றார்.

மேடம்!

மாலையில் பிளாஸ்க்கை நான் கழுவினேன். யாரும் சொல்லவில்லை.

பாக்கி முப்பத்தைந்து திருத்தம். வேலை நாள் இருபத்துமூன்று. முழு பில்டு என்றால் பன்னிரண்டு திருத்தம் வெளியே நிற்கும், ஆய்வாளர்கள் வந்த வழியே திரும்பிப் போவார்கள். நான் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் யாருக்கு என்ன லாபம்?

அக்டோபர் 29, புதன்

சாரிடம் போய் நின்றேன். நிற்க மாட்டேன் என்று சொன்னவள்தான்.

நேரத்தைப் பார்க்காத முறை ஒன்று. ஒவ்வொரு கோப்பின் உள்ளே இருப்பதையும் மெஷின் படித்து ஒரு கைரேகை எடுக்கும். ஓர் எழுத்து மாறினாலும் ரேகை மாறும். ரேகை மாறினால் மட்டும் திரும்பச் செய். கடிகாரம் எந்த வருஷம் காட்டினாலும் கவலை இல்லை.

“இதையும் நம்பச் சொல்றீங்களா?” என்றார்.

“நம்ப வேண்டாங் சார். பகல்ல முழு பில்டே நடக்கட்டும். சாயங்காலம் அதே நிரலை என்ற முறையில செஞ்சு ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாக்கறேன். ஒரு எழுத்து வித்தியாசம் இருந்தாலும் வேண்டாம்னு நானே சொல்றேன்.”

நவம்பர் 7 வரை கொடுத்தார்.

வாட்ச் கடையில் பேட்டரி வாங்கினேன். இரண்டு.

அக்டோபர் 31, வெள்ளி

முதல் ஒப்பீடு. 11,214 பாகங்களில் வித்தியாசமானவை 11,214.

ஹசீனா பார்த்துவிட்டு, “எல்லாமேவாக்கா?” என்றாள். சிரிக்கக் கூடாது என்று அவள் பட்ட பாடு. பார்த்தால், எப்போது செய்தது என்று ஒவ்வொரு பாகத்தின் தலையிலும் மெஷின் நேரத்தைக் குத்திவிடுகிறது. மறுபடியும் அந்தச் சனியன் பிடித்த நேரம்! எடுத்துவிட்டேன்.

நவம்பர் 3, திங்கள்

312. திரையில் வரும் எச்சரிக்கை வாசகங்கள் ஓர் எக்செல் தாளில் இருக்கின்றன. தாள் மாறினால் இந்த 312 பாகமும் மாற வேண்டும் என்று மெஷினுக்கு யாரும் சொல்லிவைக்கவில்லை. சொல்லிவைத்தேன்.

அண்ணன் இன்றும் மேடம்தான். பிளாஸ்க் கழுவினேன்.

நவம்பர் 5, புதன்

1.

அந்த ஒன்று எங்கே இருக்க வேண்டும்? அலாரம் பகுதியில்தான். போய் அவர் மேஜை பக்கத்தில் நின்றேன். அவர் பார்த்தார். நிரலைப் பழைய வரிகள்வரை உருட்டிப் பார்த்தார்.

“இது நான் வெச்சதுதான் மேடம். பன்னெண்டு வருசத்துக்கு முந்தி. அவசரத்துல கொல்லைப்புற வழியா ஒரு அட்டவணையை உள்ள இழுத்து விட்டிருக்கேன். உங்க மெஷினுக்கு அது கண்ணுல படாது.” பிறகு, “எம் பேருலயே எழுதிக்கிடுங்க” என்றார்.

அவரே சரிசெய்தார். அவர் பெயரில் எழுதினேன். ஒரு சின்னத் திருப்தி வந்தது, மறைக்காமல் எழுதிவைக்கிறேன்.

நவம்பர் 7, வெள்ளி

பூஜ்யம்.

சர்வரை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, புது பேட்டரியையும் கழற்றி, கடிகாரத்தை 2018-க்கே அனுப்பி, அப்படியும் ஒரு தடவை ஓட்டினேன். பூஜ்யம்! திருமூர்த்தி சாரைக் கூப்பிட்டுக் காட்டினேன். “திங்கக்கிழமைலருந்து உங்க முறை. ஒப்பீடு மட்டும் தெனமும் நடக்கோணும்” என்றார். நடக்கும்.

நவம்பர் 12, புதன்

பாக்கி 19. கதிரேசனுக்குக் காய்ச்சல். வாய் மட்டும் நன்றாக ஓடுகிறது. பிளக்கைப் பிடுங்கச் சொன்னது அவர்தான் என்று இதுவரை நான் யாரிடமும் சொல்லவில்லை, அவரிடம் சொன்னேன். “நான் பட்டறை மெஷினுக்குத்தான புள்ள சொன்னேன்” என்று போர்வையை இழுத்து மூடிக்கொண்டார்.

நவம்பர் 20, வியாழன்

பாக்கி 7. ஒப்பீடு பூஜ்யம். பிளாஸ்க்.

நவம்பர் 27, வியாழன்

எழுபத்தொன்றும் முடிந்தது. மாலை நான்கு பத்துக்குக் கையெழுத்துப் போட்டேன். ஹசீனா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள், எனக்குத் தும்மல் வந்தது.

டிசம்பர் 1, திங்கள்

வந்தவர் ஓர் அம்மாள், கூட இரண்டு உதவியாளர்கள். முதலில் எடுத்ததே என் காரணப் படிவத்தை.

“நாலு வருஷமா ஓடுற சர்வரை எதுக்கு நிறுத்துனீங்க?”

“ஆயுத பூஜைங்க மேடம்.”

அவர் சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டார். “இது நீங்களா கண்டுபிடிச்சதா, யாராவது கண்டுபிடிச்சு நீங்க ஒத்துக்கிட்டதா?”

நான் வாய் திறப்பதற்குள் பின்னாலிருந்து சவரிமுத்து அண்ணன் குரல் கேட்டது. “அவங்களா கண்டுபிடிச்சு, அவங்களா வந்து சொன்னாங்க. சொல்லாம விட்டிருந்தா எங்க யாருக்கும் தெரிஞ்சிருக்காது.”

அந்த அம்மாள் பேனாவை மூடினார். “என் கண் முன்னால ஒரு வரி மாத்துங்க” என்றார். அண்ணன் உட்கார்ந்து அலாரத்தில் ஒரு வரி மாற்றினார். பில்டு போட்டேன். 11,214-இல் ஆறே ஆறு பாகம், மூன்று நிமிஷம் ஐம்பது விநாடி. ஹசீனா ஒயரைக் கழற்றினாள். மானிட்டர் போட்ட கூச்சலில் செக்யூரிட்டி எட்டிப் பார்த்தார்.

“இதே நிரலை முழுசா பில்டு பண்ணுங்க. ஒப்பிடணும்.”

“அஞ்சரை மணி நேரம் ஆகுங்க மேடம்.”

“ஆகட்டும்” என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். சாப்பாட்டுக்கு மட்டும் எழுந்தார்.

ஐந்து மணிக்குத் திரையில் ஒரே ஓர் எண் வந்தது. பூஜ்யம். அவர் கையெழுத்துப் போட்டுவிட்டு, “பேட்டரியை வருஷா வருஷம் மாத்துங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். திருமூர்த்தி சார் கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டு வெகுநேரம் துடைத்துக்கொண்டே இருந்தார்.

எல்லோரும் கிளம்பிய பிறகு வழக்கம்போல் பிளாஸ்க்கை எடுக்கப் போனேன். கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. மூடி தனியாக, பக்கத்தில் ஒரு துணியில் காய்ந்துகொண்டிருந்தது.

சவரிமுத்து அண்ணன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார்.

“ஒரு மாசமாத் தேய்ச்சு அதுல இருந்த பூவெல்லாம் போச்சு. போதும் தங்கச்சி, வீட்டுக்குப் போ” என்றார்.